வித்தது: 212 ஜிபி

டவுன்லோட் தொண்ணூற்றேழு புள்ளி நாலு சதவீதத்தில் வந்து நின்றது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு நின்றது. சனிக்கிழமை காலையில் கடையைத் திறந்து பார்த்தால் அதே தொண்ணூற்றேழு புள்ளி நாலு. கம்ப்யூட்டரைத் திட்டினேன், மௌஸை மேசையில் தட்டினேன், இன்டர்நெட் பெட்டியை மூன்று முறை அணைத்துப் போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் எதிரில் இருப்பது மனுஷனா மெஷினா என்று பார்ப்பதில்லை. அது அசையவில்லை.

கடை, தேவிகுளத்தில் ஜோபி சேட்டன் நடத்தும் ஆன்லைன் சேவைக் கடை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் திருத்தம் என்று எஸ்டேட் ஜனம் எதற்கு வந்தாலும் விண்ணப்பம் போட்டுக் கொடுக்க நான் இருக்கிறேன். பெயர் ஆனந்தி, படித்தது தமிழ் எம்.ஏ. அந்த எம்.ஏ. எனக்குச் சோறு போட்டதில்லை என்றாலும் திமிர் நிறையக் கொடுத்தது. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் இந்தக் கதை.

என் அக்கா கற்பகத்துக்கு இருபத்தெட்டு வயதில் பார்வை போயிற்று. ஒரேயடியாகப் போகவில்லை. ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி ஒருநாள் நடுவிலும் இல்லாமல் போனது. அதற்கு முன்னால் அவள் டீ ஃபாக்டரி ஆபீசில் டைப்பிஸ்ட். அவள் விரல் ஓடும் வேகத்தைப் பார்க்கவே மேனேஜர் வந்து நிற்பார் என்று சொல்வார்கள். வேலை போனது, விரலின் வேகம் மட்டும் போகவில்லை.

அவளை மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தது குரலி. குரலி என்பது கம்ப்யூட்டரைத் தமிழில் பேச வைக்கும் மென்பொருள். திரையில் என்ன இருக்கிறதோ அதை வாசிக்கும், என்ன அடித்தாலும் திருப்பிச் சொல்லும். கண் தெரியாதவர் தனியாக உட்கார்ந்து அதைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம், முதல் திரையிலிருந்தே அது பேச ஆரம்பித்துவிடும். யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோருக்கும் திறந்து வைத்த மென்பொருள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஏழெட்டுப் பேர் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் சேர்ந்து செய்தோம். நிரல் எழுதியது மற்றவர்கள். திரையில் வரும் தமிழ் முழுக்க என்னுடையது.

அந்தக் குரலியைத்தான் இப்போது இறக்கிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அக்காவுக்கு மாவட்டத் தலைநகர் பைனாவில் தேர்வு. தமிழ் டைப்பிஸ்ட் வேலை, அதில் பார்வை இல்லாதவர்களுக்கென்று ஒதுக்கியது ஒரே ஒரு இடம். அடுத்த வருடம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். தேர்வு அறையில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் பேசாது என்பதால் சொந்த லேப்டாப் கொண்டுவர அனுமதி கொடுத்திருந்தார்கள். அனுமதிக் கடிதத்தில் ‘குரலி 2.1’ என்று பதிப்பு எண்ணோடு இருந்தது. வேறு எதையாவது ஏற்றிக்கொண்டு வரலாமா என்று போன் செய்து கேட்டதற்கு, “அபேக்ஷையில, அதாவது விண்ணப்பத்துல, எழுதினது எதுவோ அதுதான்” என்று சொல்லிவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

வியாழக்கிழமை காலையில் அக்காவின் லேப்டாப் டக் டக் என்று சத்தம் போட்டுச் செத்தது. ஜோபி சேட்டன் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் புது டிஸ்க் மாட்டிக் கொடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது அரை மணி நேர வேலை. குரலியை ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் குரலி இருந்த பென்டிரைவை அழித்து, போன மாதம் அதில் என் சினேகிதி கல்யாண வீடியோவை ஏற்றியிருந்தேன். நானேதான் செய்தேன். அக்கா அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு சாத்து சாத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

எங்கள் இணையதளத்தைத் திறந்தால் வெள்ளைத் திரை வந்தது. சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த நவீன்குமாருக்குப் போன் செய்தேன். “ஐயோ ஆனந்தி, அதை மார்ச்சோட மூடிட்டேனே. பழைய டிஸ்க்கையும் அழிச்சிட்டேன். டாரன்ட் இருக்கும், அதுல எடு” என்றான்.

டாரன்ட் என்றதும் ஜோபி சேட்டன் முகம் மாறியது. “ஆனந்தி, இது சினிமா திருடுற சாதனமல்லே? போலீஸ் கேஸ் ஆகுமோ?” என்றார். ஊரில் பாதிப் பேருக்கு டாரன்ட் என்றால் அதுதான். கத்தியால் கொலையும் செய்யலாம், காயும் நறுக்கலாம் என்று அவருக்குச் சொல்லிப் புரியவைத்தேன். எல்லோரும் ஒரே சர்வரில் போய் வாங்குவதற்குப் பதிலாக, ஏற்கெனவே வாங்கியவர்கள் தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக் கொடுப்பார்கள். நாலு ஜிபி குரலியை இரண்டாயிரம் துண்டாக வெட்டி வைத்திருக்கிறது. இவரிடமிருந்து பத்து, அவரிடமிருந்து இருபது என்று வந்து சேரும். எந்தத் துண்டாவது பழுதாக வந்தால் செயலியே கண்டுபிடித்துத் தள்ளிவிட்டு வேறு கேட்கும். எங்களைப் போல சர்வருக்கு வழியில்லாத கூட்டத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. இரண்டாயிரம் துண்டையும் முழுசாக வைத்திருப்பவர் ஒருவராவது எங்கேயோ கம்ப்யூட்டரைப் போட்டு வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு அப்படி ஒருவரும் இல்லை. ‘முழுசாக வைத்திருப்பவர்: 0’ என்று காட்டியது. எனக்கு முன்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். யாரென்று தெரியாது, எந்த நாடு என்று மட்டும் ஒரு சின்னக் கொடி காட்டும். இரண்டு இந்தியா, ஒரு இலங்கை, ஒரு மலேசியா. நாலு பேரும் அதே தொண்ணூற்றேழு புள்ளி நாலில் உட்கார்ந்திருந்தார்கள். தங்களிடம் இருந்ததை எல்லாம் ஒருவருக்கொருவர் கொடுத்துத் தீர்த்துவிட்டு, யாரிடமும் இல்லாத அந்த ஐம்பத்திரண்டு துண்டுக்காக எத்தனை நாளாகக் காத்திருந்தார்களோ. இப்போது ஐந்தாவதாக நானும் அந்த வரிசையில் சேர்ந்தேன்.

அப்போதுதான் நர்மதா ஞாபகம் வந்தாள். எங்கள் கூட்டத்தில் ஒருத்தி. மற்றவர்களிடம் கேட்டுப் பார்த்தாயிற்று, ஒருவரிடமும் இல்லை. எங்களைப் போல மலையாள எல்லையோரம், சித்தூர்ப் பக்கம் மீனாட்சிபுரத்துக்காரி, அங்கே பால் சொசைட்டியில் கிளார்க்காக இருந்தவள். போன வருடம் கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டாள். கூப்பிட்டேன்.

“சொசைட்டி கம்ப்யூட்டர்ல முழுசா இருக்குது ஆனந்தி. நாந்தான் போட்டு வெச்சேன். அங்க கரண்டே போகாது பாத்துக்க. பால் கெட்டுப்போயிருமுன்னு கூலருக்கு ஜெனரேட்டர் வெச்சிருக்காங்க. அதுலயே கம்ப்யூட்டரும் ஓடும். நான் வரும்போது நிறுத்தவே இல்லையே!” என்றாள். செகரட்டரி சின்னையன் நம்பரைக் கொடுத்துவிட்டு, “நல்ல மனுசன், பதமாப் பேசு” என்று சேர்த்துச் சொன்னாள். என்னைத் தெரிந்தவள்.

சனிக்கிழமை மத்தியானம் சின்னையனைக் கூப்பிட்டேன். பதமாகத்தான் ஆரம்பித்தேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எதிர்ப்பக்கம் குரல் இறுகிவிட்டது.

“அந்தப் பேச்சே வேண்டாமுங்க அம்மிணி. அந்தப் பொட்டிய பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டி எட்டு மாசமாச்சு. இனி அதத் தொறக்கறதா இல்லீங்க.”

“ஏண்ணே, என்ன ஆச்சு?”

“என்ன ஆச்சுங்களா? நம்ம பூபதிராஜா, இருவது மாடு வெச்சிருக்கறவரு, பால் ஊத்த வந்தவரு ஸ்கிரீன எட்டிப் பாத்துட்டாருங்க. கொட்டை எழுத்துல போட்டிருக்குது, ‘வித்தது: 212 ஜிபி’ன்னு. என்னத்தய்யா வித்தீங்க, யாருக்கு வித்தீங்கன்னு கேட்டாரு. எனக்கென்னுங்க தெரியும்? நர்மதாப் புள்ள கல்யாணமாயிப் போயிருச்சு. பொதுக்குழுவுல வெச்சு மறுக்காக் கேட்டாங்க. எல்லாத்தோட ஆதார் நெம்பரு, பேங்க் பாஸ்புக்கு அத்தனையும் அந்தப் பொட்டியிலதானுங்க இருக்குது. இருவத்திரண்டு வருசம் செகரட்டரியா இருக்கறேன். பால்ல ஒரு சொட்டுத் தண்ணின்னு ஒருத்தன் சொன்னதில்ல. அன்னைக்கு நூத்தறுவது பேரு முன்னால, செகரட்டரி எங்க கணக்க வித்துப்போட்டான்னு பேச்சு வாங்குனேனுங்க.”

அந்த ‘வித்தது’ என்னுடையது.

குரலியைப் பகிர்வதற்கு அதோடு சேர்த்துக் கொடுத்த டாரன்ட் செயலியின் தமிழும் நான் எழுதியதுதான். டாரன்டில் அடுத்தவருக்குத் துண்டு கொடுப்பதை ஆங்கிலத்தில் விதை போடுவது என்பார்கள். ‘விதைத்தது’ என்று போட்டுவிடலாம் என்றான் நவீன்குமார். நான் விடவில்லை. வித்து என்பது பழைய சொல், மலையாளத்திலும் விதைக்கு வித்து என்றுதான் பெயர், எல்லையில் வாழும் நமக்கு இரண்டு பக்கத்துக்கும் ஒரே சொல்லாக இருக்கட்டும் என்று மூன்று நாள் சண்டை போட்டு ஜெயித்தேன். இலக்கணப்படி ‘வித்தியது’. எழுதிக் கொடுத்ததும் அப்படித்தான். கட்டத்துக்குள் அடங்கவில்லை, ஓரெழுத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டான். குறைத்துக் கொடுத்தேன். ‘வித்தது’ ஆயிற்று. அந்த வார்த்தையை ஒருமுறை, ஒரே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். ஆட்டை வித்தாச்சு, மாட்டை வித்தாச்சு என்று தினம் பேசுகிறவள்தானே நானும். வாய்விட்டுப் பேசுவதற்கென்றே செய்த மென்பொருளில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் ஒரு சொல்லை வைத்தவள் நான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

அதை அப்போதே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? சின்னையனுக்கு இலக்கணப் பாடம் எடுத்தேன். வித்து என்றால் விதை, வித்துதல் என்றால் விதைத்தல், இது விற்பனை இல்லை என்று பத்து நிமிடம் விளக்கினேன். பாவம், முழுக்கக் கேட்டார்.

“ஏனுங்க, எழுதறப்ப வித்ததுன்னு எழுதிப்போட்டு, கேக்கறப்ப வெதச்சதுன்னு சொன்னா, கூட்டத்துல இருக்கறவன் நம்புவானுங்களா?” என்றார்.

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்குப் பதில் இல்லாதபோது எனக்குக் குரல் உயரும். ஒரு கண்ணில்லாத பொம்பளையோட பிழைப்பு உங்க பீரோவுக்குள்ள கிடக்குது, நீங்க மானத்தைப் பேசிக்கிட்டு இருக்கீங்களா என்று கத்திவிட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். கடையில் வருமானச் சான்றுக்கு நின்றிருந்த இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம்.

வீட்டுக்குப் போனபோது அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். அக்கா கட்டிலில் மூடின லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். விரல்கள் மட்டும் மூடி மேல் அடித்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். வித்தது, ஓரெழுத்து, நான் கத்தியது எல்லாம். திட்டுவாள் என்று பார்த்தேன்.

“அதானா சங்கதி? ‘வித்தது மூணு ஜிபி, வித்தது நாலு ஜிபி’ன்னு அது தெனம் சொல்லும்ட்டி. என்னமோ வியாபாரம் நடக்குதுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்” என்றாள்.

“கேட்டிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேன்லக்கா!”

“நீ எம்.ஏ. ஒங்கிட்ட யாரு கேக்க முடியும்? போனப் போட்டுக் குடு. நான் பேசுறேன்.”

சின்னையன் எடுத்தார். அக்கா தன் பெயரைச் சொன்னாள். தங்கச்சி பேசியதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு பரீட்சையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், சம்பந்தமில்லாத ஒன்றைக் கேட்டாள்.

“அண்ணே, ஒங்க வீட்டுல தயிருக்கு உறைமோர் இல்லாமப் போனா என்ன செய்வீக?”

“பக்கத்து ஊட்ல ஒரு கரண்டி வாங்கறதுதானுங்க.”

“குடுத்ததுனால அவுக சட்டியில தயிர் கொறஞ்சு போகுமா?”

“எப்படிங்க கொறையும்? நாளைக்குப் பொழுதோட அவங்களுக்கும் ஒரு சட்டி, எங்களுக்கும் ஒரு சட்டி.”

“அடுத்த வாரம் இன்னொருத்தி ஒங்க வீட்டுக்கு வந்து கேட்டா?”

“குடுப்பமுங்க. உறைமோர் கேட்டு யாரு இல்லைன்னா?”

“அதைத்தாண்ணே நர்மதா ஒங்க கம்ப்யூட்டர்ல வச்சிட்டுப் போயிருக்கு. கேக்குறவுகளுக்கு ஒரு கரண்டி. இருநூத்திப் பன்னெண்டு ஜிபியும் அப்படி ஊத்திக் குடுத்ததுதான். எந் தங்கச்சி எழுதுன லட்சணத்துல அது வித்ததுன்னு ஆகிப்போச்சு. இப்ப ஊருல ஒரு வீட்டுலயும் உறைமோர் இல்லண்ணே. ஒங்க சட்டி ஒண்ணுதான் மிச்சம், அதையும் நீங்க பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கீக.”

“உறைமோருங்களா…” என்று மெதுவாக இழுத்தார் சின்னையன். வாயில் போட்டுச் சுவைத்துப் பார்க்கிற மாதிரி இன்னொரு முறை சொன்னார். “இத இப்பிடிச் சொல்லியிருந்தா அன்னைக்கே கூட்டத்துல பேசியிருப்பனுங்களே.”

நான் அக்காவின் கையைப் பிடித்து அழுத்தினேன். இப்போதே தரச் சொல் என்று சைகை செய்தேன். அவளுக்குச் சைகை தெரியாது என்பது அந்தப் பதற்றத்தில் மறந்துபோயிற்று.

“ஆனா இப்ப முடியாதுங்க கண்ணு” என்றார் சின்னையன். “வெளக்கு வெச்சதுக்கப்பறம் மோர் ஊட்ட உட்டு வெளிய போகப்படாது.”

அவர் விளையாடுகிறாரா நிஜமாகச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இன்டர்நெட்டில் போவதற்கு விளக்கென்ன, பொழுதென்ன? வாயைத் திறந்தேன். அக்கா குறி தப்பாமல் என் தொடையில் கிள்ளினாள்.

“சும்மா சொன்னனுங்க” என்று அவரே தொடர்ந்தார். “பொட்டியப் பூட்டுனது எல்லாத்துக்கும் முன்னால. தொறக்கறதும் அவங்க முன்னாலதானுங்க தொறக்கணும். காலைல ஆறு மணிக்குப் பால் ஊத்த வருவாங்க, பூபதிராஜாவும் வருவாரு. எழுதுனவங்க யாரோ அவங்க போன்ல வந்து சொல்லட்டும். நீங்க சொன்னாப் பத்தாதுங்க.”

அக்கா என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். சரி என்று சொல்லுவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி பஸ்ஸில் நாங்கள் செருதோணிக்குக் கிளம்பியாக வேண்டும், அங்கே சித்தி வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் பைனாவு. அதற்குள் இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும், அக்கா ஒருமுறையாவது அடித்துப் பார்க்க வேண்டும். ஜோபி சேட்டன் சர்ச்சுக்குப் போகிற அவசரத்திலும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஐந்தே முக்காலுக்கெல்லாம் ஷட்டரைப் பாதி தூக்கி நானும் அக்காவும் உள்ளே உட்கார்ந்துவிட்டோம். குளிரில் எனக்குப் பல் அடித்தது.

ஆறு பத்துக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். பால் கேன் உருளும் சத்தம், யாரோ யாரையோ வரிசையில் வரச்சொல்லித் திட்டும் சத்தம், கூலரின் இரைச்சல். அதையெல்லாம் தாண்டி ஒரு கனத்த குரல் வந்தது.

“நாந்தான் பூபதிராஜா பேசறேன். இத எழுதுனது யாருங்க?”

எத்தனை சண்டை போட்டிருக்கிறேன், எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறேன். தப்பு என்னுடையது என்று முன்பின் தெரியாத நாற்பது ஐம்பது பேர் காதில் விழச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“நான்தாங்க. பேரு ஆனந்தி, தேவிகுளம். வெதச்சதுன்னு எழுத வேண்டியத வித்ததுன்னு எழுதிட்டேன். ஒங்க சங்கத்துக் கணக்கு ஒண்ணும் வெளிய போகல. ஆதார் போகல, பாஸ்புக் போகல. கண்ணு தெரியாதவங்களுக்குத் தமிழ்ல படிச்சுச் சொல்ற ஒரு மென்பொருள், அது ஒண்ணு மட்டுந்தான் போச்சு. அதையும் யாரும் விக்கல, வாங்கல. சும்மா குடுத்தது. செகரட்டரி அண்ணன் மேல எந்தத் தப்பும் இல்ல. தப்பு முழுக்க என்னோடது.”

கேன் உருளும் சத்தம் நின்றிருந்தது. கூலர் மட்டும் இரைந்தது.

“அட, குடுத்ததுங்களா?” என்றார் பூபதிராஜா. “அப்பறம் ‘குடுத்தது’ன்னே எழுதித் தொலைக்கறதுதானுங்க அம்மிணி? அதுல என்ன கொறஞ்சு போச்சு?”

எம்.ஏ. படித்த எனக்கும், மூன்று நாள் நடந்த சண்டைக்கும், வித்து வித்தியது வித்ததுக்கும் சேர்த்து அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. கட்டத்துக்குள் கச்சிதமாக அடங்கும் சொல். எனக்கு அது தோன்றவே இல்லை. “மாத்திடறேங்க” என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். சின்னையனும் சிரித்த மாதிரி இருந்தது.

பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பெட்டியைத் தூக்கி வைத்தார்கள். இதைப் பூட்டிய பிறகு வாங்கிப் போட்டிருந்த புதுக் கம்ப்யூட்டரிலிருந்து இன்டர்நெட் வயரைப் பிடுங்கிப் பழையதில் செருகச் சொன்னேன். ஸ்விட்சைப் போட்டதும் ஒரு பீப். அப்புறம் ஒன்றுமில்லை.

“கருப்பா இருக்குதுங்க.”

“இருங்கண்ணே.”

“இன்னும் கருப்பாத்தானுங்க இருக்குது.”

எட்டு மாதம் பூட்டிக் கிடந்த டிஸ்க். வியாழக்கிழமை அக்காவின் லேப்டாப் போட்ட டக் டக் சத்தம் என் காதில் கேட்க ஆரம்பித்தது. அக்கா என் தோளைப் பிடித்திருந்தாள், பிடி இறுகிக்கொண்டே போனது. இது போனால் உலகத்தில் எங்கேயும் இல்லை. எனக்குக் கடவுள் நம்பிக்கை பாதி நாள் இருக்கும், பாதி நாள் இருக்காது. அன்றைக்கு முழுசாக இருந்தது.

“வந்துருச்சுங்க! வணக்கமுன்னு பேசுதுங்க! ஏ, எல்லாரும் கேளுங்கப்பா, பொட்டி பேசுது! வயர் கிட்டப் பச்ச லைட்டு மினுங்குதுங்க!”

என் திரையில் ‘முழுசாக வைத்திருப்பவர்: 0’ அப்படியே இருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு பூஜ்யம் ஒன்றானது.

“ஒண்ணு வந்துருச்சுக்கா!”

“படிட்டி. நிறுத்தாமப் படி.”

படித்தேன். தொண்ணூற்றேழு புள்ளி ஐந்து. ஏழு. தொண்ணூற்றெட்டு. வரிசையில் இருந்த நாலு கொடிகளும் கூடவே நகர ஆரம்பித்தன. இலங்கைக்காரர் என்னைவிட முந்திக்கொண்டார், அவர் கையில் கிடைத்த துண்டு அவரிடமிருந்தே எனக்கு வந்தது, என்னிடமிருந்து மலேசியாவுக்குப் போனது. யாரும் யாருக்காகவும் நிற்கவில்லை, வாங்கிய கையோடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு வரை வாசித்தேன். நூறு என்பதை நான் சொல்லவில்லை, அழுதேன். அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

“ஏனுங்க, உங்களுக்கு வந்து சேந்துருச்சுங்களா?” என்று போன் கேட்டது.

“வந்துருச்சுண்ணே, முழுசா வந்துருச்சு” என்றாள் அக்கா.

“அந்தம்மாவுக்குக் கெடச்சுருச்சாமா!” என்று அங்கே அறிவித்தார் சின்னையன். யாரோ, “செரி, எம்பால அளங்க, நேரமாச்சு” என்றார். இனிமேல் பெட்டியைப் பூட்டுவதில்லை, அது பாட்டுக்கு ஓடட்டும் என்று பூபதிராஜாவே சொன்னதாகச் சின்னையன் எங்களிடம் சொல்லிவிட்டு வைத்தார். ‘முழுசாக வைத்திருப்பவர்: 6’ என்றது என் திரை. முடிந்ததும் அணைத்துவிட்டுப் போகலாம்தான். அந்த நாலு பேரில் ஒருவரும் போகவில்லை.

ஏழு மணிக்கு அக்கா லேப்டாப்பில் குரலியைத் தானே ஏற்றினாள். ‘வணக்கம், குரலி தயார்’ என்று அது பேச ஆரம்பித்ததும், “ஏன் இப்படி இழுக்குது, நோயாளி மாதிரி” என்று வேகத்தை மூன்று மடங்கு கூட்டினாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு அடிக்க ஆரம்பித்தாள். பஸ்ஸுக்குக் கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை பைனாவில், தேர்வு அறைக்கு வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். கண்காணிப்பாளர் அனுமதிக் கடிதத்தையும் லேப்டாப் திரையையும் மாறி மாறிப் பார்த்து, ‘குரலி 2.1’ என்று வாய்விட்டு வாசித்து, டிக் போட்டுவிட்டு அவளை உள்ளே விட்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்து, நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தேன்.

கதவு திறந்தபோது முதல் ஆளாக வெளியே வந்தது அக்காதான். கதவு நிலையைத் தடவிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

“என்னக்கா? ஏன் அதுக்குள்ள வந்துட்ட? எதுவும் நின்னு போச்சா?”

“இருவது நிமிசம் குடுத்தாக. பதிமூணுல முடிச்சிட்டேன். ரெண்டு தடவ படிச்சுப் பாத்தேன், ஒரு தப்பு இல்ல.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “பக்கத்துல ஒரு பிள்ளட்டி. கண்ணு தெரியிற பிள்ளதான் போல, பொதுப் பிரிவு. டொக்கு டொக்குன்னு இன்னும் அடிச்சிக்கிட்டே இருக்கு, பாவம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஃபாக்டரி ஆபீசில் மேனேஜர் வந்து நின்று பார்த்தவளின் சிரிப்பு. நான் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

“எந்திரிட்டி” என்றாள் அக்கா. “பசிக்குது.”